ஈசூனிலிருந்து துவாஸுக்கு நான்கு விண்ட்ஸ்கிரீன்கள்

காலை ஐந்தே முக்காலுக்குச் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் வண்டியை எடுத்தால் ஆறரைக்குள் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸில் வேலையிடத்து வாசலில் இருப்பேன். எஸ்.எல்.இ. விரைவுச்சாலையில் ஏறி, பி.கே.இ.யில் கொஞ்ச தூரம், அங்கிருந்து கே.ஜே.இ., கடைசியில் பி.ஐ.இ. ஒரு வழிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி விரைவுச்சாலை. மூன்று வருடத்துக்கு மேலாக இதே பாதை, இதே 400 சிசி மோட்டார்சைக்கிள். மாறிக்கொண்டே இருந்தது காற்றைத் தடுக்க வண்டியின் முகத்தில் இருக்கிற பிளாஸ்டிக் விண்ட்ஸ்கிரீன் மட்டும்தான்.

வண்டியையே மாற்றியிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் வாங்கிய 2022இல்தான் மோட்டார்சைக்கிள் சி.ஓ.இ., அதாவது பத்து வருடம் வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. அந்தப் பணத்தைக் கொடுத்தவன் பத்து வருடமும் அதோடுதான் குடித்தனம் நடத்துவான்.

வண்டியோடு வந்த ஸ்கிரீன் குட்டை. மார்புக்கு மேலே எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிடும். அது எனக்குத் தொல்லையாக இல்லை, இந்த ஊர் புழுக்கத்துக்குக் காற்று பட்டால் நல்லதுதானே. தொல்லை ஹெல்மெட்டில்தான். வேகம் எண்பதைத் தொட்டதும் யாரோ இரண்டு கன்னத்திலும் மாறி மாறித் தட்டுவது போலத் தலை ஆடும். முன்னால் போகிற லாரியின் நம்பர் பலகை கண்ணில் நடுங்கும். இரண்டு மாதத்தில் கழுத்தில் பிடிப்பு வந்து, ராத்திரி கோடாரித் தைலம் தேய்க்காமல் தூக்கமில்லை என்றாகிவிட்டது. வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஆன பிறகும் காதில் இரைச்சல் அடங்காது. வீட்டில் கூப்பிட்டது கேட்காமல் நான் வாங்கிய திட்டு தனிக்கணக்கு.

எங்கள் வேலையிடத்தில் ஒருவர் தினமும் மலேசியாவின் ஜோகூரிலிருந்து கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளில் வருகிறார். ஸ்கிரீன் என்று எதுவுமே கிடையாது. ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்வார், ஜிப் முதுகுப் பக்கம் வரும். கடற்பாலத்தில் காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். என் கழுத்துக் கதையைக் கேட்டுவிட்டு, “அண்ணே, ஒங்க வண்டி ரொம்ப பெருசு, அதான் வியாதியும் பெருசு” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. மறைப்பே இல்லாத வண்டியில் காற்று நேராக வந்து மோதும், ஆனால் சீராக மோதும். என்னை அடித்தது அந்தச் சீரான காற்று இல்லை, ஸ்கிரீனின் விளிம்பில் உடைந்து சுருண்டு வந்த காற்று. ஓடுகிற தண்ணீரில் கல் கிடந்தால் கல்லுக்குப் பின்னால் சுழிக்குமே, அந்தச் சுழிக்குள் என் தலை இருந்தது.

அன்றைக்கு இது புரியவில்லை. இருக்கிற ஸ்கிரீன் போதவில்லை, பெரிதாக ஒன்று வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதலில் கஞ்சத்தனம் செய்தேன். ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கிற, எந்த வண்டிக்கும் பொருந்தும் வகை ஒன்றை அறுபது வெள்ளிக்குப் பழசாக வாங்கினேன். இந்த வகை ஹேண்டில்பாரோடு சேர்ந்தே திரும்பும். அதனால் காற்று ஸ்கிரீனை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தத் தள்ளு நேரே கைக்கு வந்து சேரும். கன்டெய்னர் லாரியைத் தாண்டும்போது முன்சக்கரம் லேசாக நெளிவது தெரிந்தது. சின்ன வண்டிக்கு, ஊருக்குள் ஓட்டுகிறவருக்குச் சரிப்படலாம். நான் மூன்றாவது வாரமே கழற்றிவிட்டேன். இப்போதென்றால் ஹேண்டில்பாரில் சாலைக் கட்டணத்துக்கான ஓ.பி.யு. பெட்டி வேறு உட்கார்ந்திருக்கிறது, கவ்வி மாட்ட இடம் தேட வேண்டும்.

அடுத்தது உண்மையிலேயே உயரமான டூரிங் ஸ்கிரீன். வண்டியோடு வந்ததைவிட 18 செ.மீ. அதிகம், மாட்டுகூலி சேர்த்து 350 வெள்ளி. காக்கி புக்கிட் பட்டறையில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய அந்த மாலை சொர்க்கம்தான். மார்பில் காற்றே இல்லை. ஹெல்மெட்டுக்குள் நான் பாடுவது எனக்கே கேட்டது.

இரண்டாவது வாரம் குறைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. முதல் குறை வெயில். பிற்பகலில் ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்குக் கிளம்பும்போது 32 டிகிரி இருக்கும், ஈரப்பதம் அதற்கு மேல் கொடுமை. இந்த ஊரில் பைக் ஓட்டுகிறவனுக்குக் காற்றுதான் ஏர்கான். அதை 350 வெள்ளி கொடுத்து நானே அடைத்துவிட்டேன். வியர்வை காயவே காயாது. எஞ்சின் சூடும் கால்பக்கத்திலிருந்து மேலே ஏறி அங்கேயே தங்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுகிற புகழ்மாலைகளைப் படித்துவிட்டு இங்கே ஸ்கிரீன் வாங்கினால் இதுதான் நடக்கும். அவர்களுக்கு வரம், நமக்கு அது சௌனா.

அடுத்து, யாரோ முதுகில் கை வைத்து முன்னால் தள்ளுவது போன்ற உணர்ச்சி. காரணம் தெரிய, தையல் பெட்டியிலிருந்து கம்பளி நூலை எடுத்து விரற்கடை நீளத் துண்டுகளாக வெட்டி, ஸ்கிரீனின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். வண்டி ஓடும்போது நூல் என்னை நோக்கிப் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அது ஸ்கிரீனை நோக்கி முன்னால் இழுபட்டது! பெரிய தடுப்புக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, அந்த வெற்றிடத்தை நிரப்பப் பின்னாலிருந்து காற்று திரும்பி வருகிறது. வந்த காற்று என் முதுகைத் தள்ளி, ஹெல்மெட்டின் பின்பக்கம் மோதி, உடுக்கை அடித்தது போல ஒரு ‘தும் தும்’ சத்தத்தையும் உண்டாக்கியது. பழைய சத்தம் சீறல், இது முழக்கம். எது மேல் என்று கேட்டால் பழையதுதான் மேல்.

மழையில் இன்னும் மோசம். ஸ்கிரீனுக்கு வைப்பர் கிடையாது. விளிம்பு கண்ணுக்கு மேலே இருந்தால் நனைந்த பிளாஸ்டிக் வழியாகவும் நனைந்த ஹெல்மெட் வைசர் வழியாகவும் சேர்த்தே சாலையைப் பார்க்க வேண்டும். இரவில் எதிர்ப்பக்க விளக்குகள் ஒவ்வொரு துளியிலும் பூப்பூவாய்ச் சிதறும். காற்று படுகிற வைசரில், வேகத்தில் தலையைக் கொஞ்சம் இடமும் வலமும் திருப்பினால் துளிகள் தாமே வழிந்து ஓடிவிடும். பெரிய ஸ்கிரீனுக்குப் பின்னால் அதற்கும் வழியில்லை. துளி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே மூச்சு படிந்து புகை மூடும்.

கடைசி ஆணி ஒரு ஜூலை மாத விடியற்காலை. அந்த மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வருகிற சூறைக்காற்று மழையை இங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் விடிவதற்கு முன்னால்தான் வரும், காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். கே.ஜே.இ.யில் இருந்தேன். பக்கத்திலிருந்து ஒரே அடி. அந்தப் பெரிய ஸ்கிரீன் பாய்மரம் போலக் காற்றை வாங்கிக்கொண்டது, வண்டி அரைத் தடம் நகர்ந்துவிட்டது. வலப்பக்கத் தடத்தில் வாகனம் இல்லாதது என் அதிர்ஷ்டம். அடுத்து வந்த மேம்பாலத்தின் கீழே ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கை நடுக்கம் நின்ற பிறகுதான் கிளம்பினேன்.

மறுவாரம் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் மூத்த மெக்கானிக், என்னைவிட இருபது வயது பெரியவர், ஸ்கிரீனைப் பார்க்கக்கூட இல்லை. “தம்பி, பழச மாட்டிக்க. ஞாயித்துக்கிழமை காலைல ரோடு காலியா இருக்கும்போது எம்பதுல போ. கொஞ்சம் நிமிந்து பாரு, கொஞ்சம் குனிஞ்சு பாரு. எங்க சத்தம் அடங்குதோ அங்கதான் ஒன் பதில் இருக்கு” என்றார்.

மூன்றாண்டில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஆலோசனை அது ஒன்றுதான், காசும் வாங்கவில்லை. செய்து பார்த்தேன். நான்கு விரற்கடை நிமிர்ந்தால் ஹெல்மெட் முழுவதும் சீரான காற்றுக்குள் போய் ஆட்டம் நின்றது. ஒரு சாண் குனிந்தால் அமைதி. நான் இயல்பாக உட்காரும் உயரம்தான் மிக மோசமான இடம். நிமிரும்போது அடங்குகிறது என்றால் ஸ்கிரீனைத் தாழ்த்தலாம், குனியும்போது அடங்குகிறது என்றால் உயர்த்தலாம். என் வண்டியில் இரண்டு பக்கமும் வழி திறந்திருந்தது. என் உயரம் 178 செ.மீ. இதே வண்டியில் 165 செ.மீ. ஆளுக்குக் கணக்கே வேறு. அதனால் ‘எந்த ஸ்கிரீன் நல்லது’ என்று கேட்கிறவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. ஹெல்மெட்டை மாற்றினால்கூடச் சத்தம் மாறுகிறது.

இப்போது இருப்பது நான்காவது. வண்டியோடு வந்ததைவிட 7 செ.மீ. மட்டும் உயரம், மேல் விளிம்பு என் மூக்குக்கு நேரே. அதாவது சாலையை ஸ்கிரீனுக்கு மேலாகப் பார்க்கிறேன், அதன் வழியாக இல்லை. அடியில் நான்கு ஸ்குரூவிலும் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் வாஷர் அடுக்கி வண்டிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே இடைவெளி விட்டேன். அந்தச் சந்தில் நுழையும் காற்று பின்பக்கத்து வெற்றிடத்தை நிரப்பிவிடுவதால் முதுகில் தள்ளுவது நின்றது. மேலே கவ்வி மாட்டும், காற்றைத் திருப்பிவிடும் சின்ன டிஃப்ளெக்டர் தகடு ஒன்று. ஜெர்மனியின் எம்.ஆர்.ஏ., ஸ்பெயினின் புயிக், இத்தாலியின் கிவி எல்லோரும் இந்த வகையில் ஏதாவது செய்கிறார்கள். டிஃப்ளெக்டரை ஸ்கிரீனோடு ஒட்டி வைக்கக்கூடாது, இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட வேண்டும். சாய்வைச் சரியாக்க ஒன்பது நாள் பிடித்தது, வேலைக்குப் போகும்போது ஒரு நிலை, வரும்போது ஒரு நிலை என்று. எல்லாம் சேர்த்து 230 வெள்ளி. பத்தொன்பது மாதமாகிறது, தைலப் புட்டி அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. காதடைப்பான் மட்டும் இன்னும் போடுகிறேன். ஸ்கிரீன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொண்ணூறில் காற்றுச் சத்தம் முழுக்கப் போகாது.

மழையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். எந்த ஸ்கிரீனும் நம்மை நனையாமல் காப்பாற்றாது. வேகத்தில் போகும்போது மார்பில் ஊசி குத்துவது போன்ற அடி குறையும், அவ்வளவுதான். தோள், முழங்கால், கைவிரல் எல்லாம் நனையும். சிக்னலில் நின்றால் தலையிலிருந்து கால்வரை சமத்துவம். டிசம்பர் மழைக்கு நல்ல மழைக்கோட்டும் ஷூ உறையும்தான் வழி, ஸ்கிரீன் விற்பவர் வேறு மாதிரி சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனங்கள் இரண்டு. பெட்ரோல் நிலையத்தில் கார்க் கண்ணாடிக்கு வைத்திருக்கும் துடைப்பானால் உயரமான ஸ்கிரீனை ஒருமுறை தேய்த்தேன். அதிலிருந்த மணல் வளையம் வளையமாகக் கோடு போட்டுவிட்டது. காலை வெயில் எதிரே வந்தால் சிலந்தி வலை வழியாகப் பார்ப்பது போல் இருக்கும். இப்போது ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போர்த்திவைத்து, பூச்சியும் தூசியும் ஊறிய பிறகு, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லத் துடைக்கிறேன். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பக்கமே போகக்கூடாது. ஸ்கிரீன் பாலிகார்பனேட் வகை பிளாஸ்டிக் என்றால் மெல்லிய வெடிப்புகள் விட்டுப் பனி மூடியது போலாகிவிடும், பெட்ரோல் சிந்தினாலும் அப்படித்தான். அக்ரிலிக் வகை கீறலை ஓரளவு தாங்கும், அடிபட்டால் உடையும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரம் கீறும்.

இன்னொன்று, ஸ்குரூவை பலங்கொண்ட மட்டும் முறுக்கியது. பிளாஸ்டிக் வெயிலில் விரியும், மழையில் சுருங்கும், அதற்கு அசைய இடம் வேண்டும். நான் இடம் கொடுக்காததால் துளை ஓரத்தில் விரிசல் கிளம்பியது. விரிசல் முடிகிற முனையில் சின்னதாக ஒரு துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது என்று மெக்கானிக் செய்து காட்டினார். அதன்பிறகு ஓடவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை ரப்பரை மட்டும் மாற்றுகிறேன், இந்த வெயிலில் அது கல்லாகிவிடுகிறது.

பின்னால் உட்காரும் மனைவிக்கு மட்டும் இதில் ஒரு மனத்தாங்கல். உயரமான ஸ்கிரீன் இருந்தபோது அவருக்குக் காற்று குறைவாம், இப்போது லிட்டில் இந்தியாவின் தேக்கா போய் வருவதற்குள் தலைமுடி வீணாகிறதாம். ஹெல்மெட்டுக்குள் எப்படி என்று நான் கேட்கவில்லை.

அந்த உயரமான ஸ்கிரீனை விற்கவும் இல்லை. வீட்டுக்குள் பதுங்கு அறையாகக் கட்டித்தந்த பாம் ஷெல்டரில், தீபாவளி விளக்குப் பெட்டிக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி வைத்திருக்கிறேன். போன டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாய் போனபோது அதைத்தான் மாட்டினேன். மலேசிய நெடுஞ்சாலையில் 110இல் மணிக்கணக்காக, அதுவும் இருட்டில் குளிரோடு போகும்போது மார்பில் காற்று படாமல் இருப்பது பெரிய விஷயம். கீறல் கண்ணில் பட்டது, பொறுத்துக்கொண்டேன். கழற்றி மாட்டப் பதினைந்து நிமிடம், நான்கு ஸ்குரூ. திரும்பி வந்த மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னால் பழையபடி நான்காவதை மாட்டிக்கொண்டு துவாஸுக்குக் கிளம்பினேன்.