மகள் படித்த கன்னியர் பள்ளி: 6 முதல் 8 வரை என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் என் மூத்த மகள் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. குறையும் எழுதப்போவதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் வந்தால் துணி கொடுக்க வரும் அம்மாக்கள் எல்லாரும் அந்தப் பள்ளியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அக்கா, வேதத்துல சேரச் சொல்லுவாங்களா?" கிறிஸ்தவத்துக்கு மாறச் சொல்வார்களா என்று அர்த்தம். சொல்லவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற மத வகுப்புக்குப் போகும் பீரியடில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. சேர்க்கும் முன்பே ஹெச்.எம். சிஸ்டரிடம் இதை நேராகக் கேட்டேன். "உங்க சம்மதம் இல்லாம மத வகுப்புல உட்கார வைக்கச் சட்டத்துலயே இடம் இல்லம்மா" என்றார். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நெற்றியில் திருநீறு வைத்துத்தான் மகளை அனுப்பினேன். யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஆனால் அங்கே செபம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஒரு செபம். மதியம் 12 மணிக்கு மணி அடித்தால் மூவேளைச் செபம். எழுதிக்கொண்டிருக்கும் டீச்சரும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். கத்தோலிக்கப் பிள்ளைகள் சொல்வார்கள், மற்றவர்கள் சும்மா நிற்கலாம். ஒரு சனிக்கிழமை மகள் வீட்டில் எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தெருமுனைக் கோயிலில் 12 மணி அடித்ததும் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். "என்ன ஏட்டி பண்ணுற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, ஒரு நிமிஷம் மனசு அமைதியாகும்" என்றாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் முருகனை நினைத்தாளா, மாதாவை நினைத்தாளா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பனிமய மாதா கோயிலுக்கு ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 திருவிழா வரைக்கும் சாதி மதம் பார்க்காமல் ஊரே போகும். அதனால் எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. உங்கள் வீட்டில் ஒத்துவராது என்றால் சேர்க்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த நன்னெறி வகுப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏழாம் வகுப்பில் நல்ல சமாரியன் உவமையைச் சொன்னார்களாம். அடிபட்டுக் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் பார்த்தும் பாராமல் போக, யாரும் மதிக்காத ஒருவன் நின்று மருந்து போட்டுக் கழுதையில் ஏற்றிக்கொண்டு போன கதை. கதையோடு விட்டிருந்தால் மறந்திருப்பாள். அந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள்: தினமும் உங்கள் கண்ணில் படுகிற, ஆனால் பெயர் தெரியாத ஒருவரின் பெயரைக் கேட்டு வாருங்கள். மறுநாள் காலை ஆறரைக்கு மகள் வாசலில் நின்றாள். தெருக் கூட்ட வரும் அக்காவிடம் செம்பில் தண்ணீர் கொடுத்து, "அக்கா, உங்க பேரென்ன?" என்று கேட்டாள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெயரையும் ஊரையும் சொன்னார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்து, "நாலு வருஷமா நம்ம தெருவுக்கு வாறாங்க, உனக்கும் தெரியாதாம்மா?" என்றாள். எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். பொங்கலுக்கு அவர் ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்பு நாட்களான தவக்காலத்திலும் இப்படித்தான். ஆளுக்கொரு சின்ன அட்டை உண்டியல் கொடுப்பார்கள், விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம். பிடித்த ஒன்றை விட்டுவிட்டு அந்தக் காசை அதில் போட வேண்டும். என் மகள் மக்ரூனை விட்டாள். தூத்துக்குடிப் பிள்ளை 40 நாள் மக்ரூன் சாப்பிடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. சேர்ந்த காசில் முதியோர் இல்லத்துக்கு அரிசி வாங்கிப் பிள்ளைகளையே கொண்டுபோய்க் கொடுக்க வைத்தார்கள். காசு எங்கே போனது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

பாடத்துக்கு வருவோம். தமிழ் வகுப்பு அருமை. எட்டாம் வகுப்பில் தமிழ் எழுத்துகளின் வரிவடிவம் பற்றி ஒரு பாடம் வரும். அதற்கு டீச்சர் பனை ஓலைத் துண்டுகள் கொண்டுவந்து, காம்பஸ் முனையால் ‘எ’ எழுதி அதன் மேல் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். பாதிப் பேருக்குப் புள்ளி வைத்த இடத்தில் ஓலை கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மேலே புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவனுக்கு எது எரி, எது ஏரி என்று தெரியாது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் ‘எ’யின் கீழே ஒரு கோடு இழுத்து ‘ஏ’ என்றும், ‘ஒ’வின் கீழே சுழித்து ‘ஓ’ என்றும் ஆக்கினார். கிழிந்த ஓலையை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கு முழுப்பாடமும் நடத்தினாள். அதே டீச்சர், 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகத்தைப் பற்றியும், அதைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் நம் முத்துக்குளித்துறைக் கரையில் இருந்தவர் என்பதையும் சொல்லியிருக்கிறார். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

கைத்தொழில் வகுப்பைப் பற்றித் தொழில்காரியாகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் ஓட்டுத் தையல், எம்மிங், பட்டன் கட்டுவது. ஏழாம் வகுப்பில் சங்கிலித் தையல், காஜா. ஒரு வயதான சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். மகள் போட்ட காஜாவைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. என் கடையில் இரண்டு வருடம் வேலை கற்ற பிள்ளைகளுக்கே அது சுலபத்தில் வராது. "பின்னாடி யாரும் பாக்க மாட்டாங்கன்னு அசிங்கமா போடக்கூடாது" என்று அந்த சிஸ்டர் தையலைப் பிரிக்க வைப்பாராம், மூன்று தடவை, நான்கு தடவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் மகள் பள்ளியில் வைத்துத்தான் வயதுக்கு வந்தாள். கிளாஸ் சிஸ்டர் தன் அறைக்குக் கூட்டிப்போய், நாப்கின் கொடுத்து, மாற்றுப் பாவாடை கொடுத்து, என்ன ஏது என்று பொறுமையாக விளக்கி, பிறகுதான் எனக்கு போன் செய்தார். நான் ஓடிப் போனபோது மகள் அழாமல் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

இனி குறை. கணக்கு. ஏழாம் வகுப்பில் கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றுப் போனார். அரசு சம்பளம் தரும் அந்த இடம் நிரம்பவில்லை. நிர்வாகமே சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்தது, சம்பளம் குறைவு என்பதால் அவர் மூன்றே மாதத்தில் போய்விட்டார். பிறகு அறிவியல் டீச்சர் ஒப்பேற்றினார். எட்டு வரைக்கும் எல்லாரும் தேர்ச்சி என்பதால் நாங்களும் கவனிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் வந்தபோதுதான் மகளுக்கு அடிப்படையே இல்லை என்று தெரிந்தது. மாதம் 600 ரூபாய் டியூஷன் வைத்துச் சரிசெய்தேன். பெற்றோர் கூட்டத்தில் கேட்டதற்கு "கேட்டிருக்கோம், வந்துடும்" என்றார்கள். வருடம் முடியும்வரை வரவில்லை.

அடுத்தது பள்ளி கேட். காலை 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் ரெண்டாம் ரயில்வே கேட்டில் ரயிலுக்காக நின்று ஐந்து நிமிடம் தாமதம். பிள்ளையை முதல் பீரியட் முழுக்க வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சமாரியன் கதை சொல்லும் பள்ளியில் ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லையா என்று போய்க் கேட்டேன். ஹெச்.எம். சிஸ்டர் கோபப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தாமதமாக வருபவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்று மாற்றினார்கள். கேட்டால் காது கொடுக்கிறார்கள். ஆனால் போய்க் கேட்க வேண்டும்.

செலவு அதிகமில்லை. தமிழ் வழியில் கட்டணம் கிடையாது, புத்தகம் அரசு தருகிறது, சத்துணவு உண்டு, முட்டை உண்டு. சீருடையும் வரும், அளவு பெரிதாக வரும், பிடித்துத்தான் போட வேண்டும். டை, பெல்ட், டைரி, பெற்றோர் சங்கம் என்று சேரும்போது 850 ரூபாய் வாங்கினார்கள். ஆங்கில வழிக்குக் கட்டணம் தனி.

சின்னவளை இந்த ஜூனில் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறேன். போன வாரம் டி.சி., ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு விண்ணப்பம் வாங்கப் போனேன். முதலில் கேட்டது, "கணக்கு டீச்சர் வந்தாச்சா சிஸ்டர்?" வந்துவிட்டார், மார்ச்சில். நீங்களும் அதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.