மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து ஒரு கல்: சமன்பாடா, ஆற்றலா?

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி. ஏறக்குறைய 35 மீட்டர். மேலிருந்து கல்லை விட்டால் பறளியாற்றைத் தொடும்போது அதன் வேகம் என்ன? (மனத்துக்குள் மட்டும் விடுங்கள், கீழே யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள்.) பிளஸ் ஒன் மாணவர்களின் கை தானாக, மாறாத முடுக்கத்தில் வேகம், தூரம், நேரம் ஆகியவற்றை இணைக்கும் இயக்கச் சமன்பாட்டுக்குத்தான் போகும்.

வெறுமனே விழும் கல்லுக்கு அதில் தவறில்லை. இன்னொரு வழியும் உண்டு: ஆற்றல் மாறா விதிப்படி, மேலே உயரத்தால் இருந்த நிலை ஆற்றல் முழுவதும் கீழே இயக்க ஆற்றல் ஆகிறது. இருபுறமும் நிறை அடிபட்டுப்போக, வேகத்தின் வர்க்கம் 2 × 9.8 × 35 = 686; வேகம் நொடிக்கு 26 மீட்டர். சமன்பாடும் இதே வரியில்தான் வந்து நிற்கும். காற்றின் தடையை இரண்டுமே கண்டுகொள்வதில்லை.

கல்லை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்து பாருங்கள். மேலே, கீழே, கிடையாக என்று சமன்பாட்டுக்கு மூன்று கணக்கு. நடுவே கூட்டல் கழித்தல் குறிகளில் ஒரு தடுமாற்றம். ஆற்றலுக்கு ஒரே கணக்கு: எறிந்த வேகத்தின் வர்க்கம் 100 சேர, 100 + 686 = 786. எந்தப் பக்கம் எறிந்தாலும் ஆற்றைத் தொடும் வேகம் 28தான். எனக்கு இந்த வழியின் மேல் கொஞ்சம் பாசம் உண்டு.

ஆனால் கீழ்நோக்கி எறிந்த கல் 1.8 நொடியில் விழும். மேல்நோக்கி எறிந்ததற்கு 3.9 நொடி வேண்டும். இந்த வித்தியாசம் ஆற்றல் கணக்கின் கண்ணில் படவே படாது. கல் எந்தத் திசையில் வந்து விழுகிறது என்பதும் அப்படித்தான். கேள்வியில் 'நேரம்' என்ற சொல் இருந்தால் சமன்பாட்டைத்தான் எடுக்க வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் எடுத்துவிட முடியாது. ஓணத்துக்குப் பலாமரத்தில் 5 மீட்டர் கயிற்றில் கட்டிய ஊஞ்சல், 1.25 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் இழுவிசை எப்போதும் பாதைக்குச் செங்குத்து. ஆகவே இயற்பியல் பொருளில் அது வேலை எதுவும் செய்வதில்லை; ஆற்றலைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. ஆகவே அடியில் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று ஆற்றல் ஒரே வரியில் சொல்லிவிடும். இங்கே முடுக்கம் கணத்துக்குக் கணம் மாறுவதால் பாடப்புத்தகச் சமன்பாடுகள் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், 1.25 மீட்டரை அவற்றில் போட்டாலும் அதே 5 வரும். விடை சரி, வழி தப்பு. அந்தத் துணிச்சலில் நேரத்தையும் கணக்கிட்டால் அரை நொடி என்று வரும். ஊஞ்சல் இறங்கவோ ஒரு நொடிக்கும் மேல் ஆகும்.