சிமேக்: கொம்பைலர் தெரிவுகளை எங்கே எழுதுவது?

மட்டக்களப்பு கல்லடியில் இயங்கும் எங்கள் சிறிய குழு, அரிசி ஆலைகளுக்கான நிறுவைக் கணக்கு மென்பொருளைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதுகிறது. அதனைக் கட்டியெடுக்க, அதாவது மூல நிரலிலிருந்து ஓடக்கூடிய மென்பொருளை உருவாக்க, நான்கு ஆண்டுகளாகச் சிமேக் (CMake) என்ற கருவியையே நம்பியிருக்கிறோம். மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலருக்கு நாம் கொடுக்கும் தெரிவுகளைக் கையாள்வதில் அது எத்தகைய கருவி என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸில், சிமேக் எழுதித் தரும் கட்டளைகளை நிறைவேற்றும் மேக் அல்லது நிஞ்சாவுடன் வேலை செய்யும்போது, கட்டமைப்பு வகையை ('டிபக்', 'ரிலீஸ்' போன்றது) நாம் சொல்லாவிட்டால் சிமேக் அதனை வெறுமையாகவே விட்டுவிடுகிறது. அப்போது ஜிசிசி என்ற கொம்பைலருக்கு வேகத் தெரிவும் போவதில்லை, பிழை தேடுவதற்கான தகவலும் சேர்வதில்லை. புதிதாக வருகிறவர் இதனை அறியாமல், நிரல் மந்தமாக ஓடுகிறதென்று தம் குறிமுறையையே திருத்தத் தொடங்கிவிடுவார். இதனை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். 'ரிலீஸ்' என்று கொடுத்தாலோ ஓ3 என்ற உயர் வேகத் தெரிவுடன் என்டிபக் வரையறையும் சேர்ந்து வந்து, அசேர்ட் சோதனைகள் (ஒரு நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்துபவை) அனைத்தையும் நீக்கிவிடும். எடை சுழியத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்று அசேர்ட்டில் எழுதியிருந்தவற்றை நாங்கள் சாதாரண இஃப் கூற்றுகளாக மாற்ற வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரிய இடரை நாங்களே வரவழைத்துக்கொண்டோம். 'மார்ச்=நேட்டிவ்' என்பதைச் செயற்றிட்டம் முழுவதற்குமான பொது மாறியில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தோம். கட்டியெடுக்கும் கணினியின் செயலி அறிந்த கட்டளைகள் எவையாயினும் பயன்படுத்தலாம் என்று கொம்பைலருக்கு அனுமதி கொடுக்கும் தெரிவு அது. சம்மாந்துறையில் ஓர் ஆலையின் பழைய கணினியில் நிறுவியபோது, நெல் மூட்டை தராசில் இருக்கையிலேயே, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு நிரல் நின்றது. எங்கள் செயலியிலிருந்த ஏவிஎக்ஸ்2 எனும், பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கட்டளைகள் அந்தச் செயலியில் இல்லை.

சிமேக்கின் அருமை இங்கேதான் விளங்கியது. 2.8.12 பதிப்பிலிருந்து கிடைக்கும் டார்கெட் கம்பைல் ஒப்ஷன்ஸ் கட்டளையால், ஒரு தெரிவை அதற்குரிய இலக்குக்கு (கட்டப்படும் ஒரு நிரலுக்கோ நூலகத்துக்கோ) மாத்திரம் கொடுக்கலாம். 'பிரைவேட்' என்று குறித்தால், வால், வெக்ஸ்ட்ரா போன்ற எச்சரிக்கைத் தெரிவுகள் நமது நூலகத்தைப் பயன்படுத்தும் மற்ற இலக்குகள்மீது ஏறுவதில்லை. ஒரு தெரிவைக் கொம்பைலர் ஏற்குமா என்று முன்கூட்டியே சோதிக்கவும் வழியுண்டு. ஆனால் அதன் விடை தற்காலிகச் சேமிப்பில் தங்கிவிடுவதால், கொம்பைலரை மாற்றினால் புதிய கோப்புறையில் தொடங்குவதே நல்லது.

3.19 பதிப்பில் வந்த, அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கும் பிரிசெற் கோப்பில் இப்போது 'மேசை', 'ஆலை' என இரண்டு அமைப்புகளை வைத்திருக்கிறோம். நேட்டிவ் தெரிவு முதலாவதில் மட்டுமே இருக்கிறது. இரண்டாவது, ஓ3ஐவிட ஒரு படி குறைந்த ஓ2 உடனும் எல்லா 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கும் பொதுவான கட்டளைத் தொகுதியுடனும் கட்டப்படுகிறது. சம்மாந்துறைக் கணினியில் இன்று ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.