முட்டிக் குருத்தெலும்பில் பள்ளம்: சொந்தத் திசுவா, தானத் திசுவா?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் ஃபுட்பால் ஆடி வளர்ந்த பையன்களில் சிலர் இருபத்தைந்து வயதுக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. கவரும் கையுமாக அலைகிறார்கள். தொடை எலும்பின் முனையில் குருத்தெலும்பு பெயர்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லும். அதற்குள் தெருவில் ஆளுக்கொரு யோசனை. ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்பார் ஒருவர், செல் வளர்த்து வைக்கலாம் என்பார் இன்னொருவர். இறந்தவர் முட்டியிலிருந்து எடுத்து வைப்பார்களாமே என்று மூன்றாமவர் கேட்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளம் எத்தனை சதுர சென்டிமீட்டர், அடியில் இருக்கிற எலும்பும் கெட்டிருக்கிறதா, இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எந்த ஆபரேஷனுக்கும் தலையாட்டாதீர்கள். குருத்தெலும்பின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் தானாக ஆறாது. எல்லா வழிகளும் இந்தக் குறையைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

முதலில் மைக்ரோஃபிராக்சர். எலும்பில் குட்டிக் குட்டித் துளைகள் போட்டு, மஜ்ஜை ரத்தம் கசிந்து பள்ளத்தில் உறைய விடுவார்கள். கீ-ஹோல், அதாவது தோலில் போடும் சிறு துளை வழியாக ஒரே தடவையில் முடிந்துவிடும், செலவும் இருப்பதிலேயே குறைவு. 2 சதுர சென்டிமீட்டருக்குள் என்றால் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் அங்கே வளர்வது அசல் குருத்தெலும்பு அல்ல, தழும்பு மாதிரி நார்த்திசு. இரண்டு மூன்று வருஷம் நன்றாக ஆடிவிட்டு, பிறகு பழையபடி வலிக்கிறது என்று திரும்பி வருபவர்கள் உண்டு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: துளை போட்ட இடத்தில் பின்னாளில் செல் வளர்த்து வைத்தால், அது தோற்கிற வாய்ப்பு கூடுகிறது. ஆகவே ‘சும்மா இதைச் செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் அடுத்தது’ என்பது பெரிய பள்ளத்துக்குப் பொருந்தாத பேச்சு.

சொந்த முட்டியில் பளு அதிகம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துக் குச்சி குச்சியாக எடுத்து நடுவது அடுத்த வழி. வைப்பது அசல் குருத்தெலும்பு, அதுவும் நம்முடையதே. ஆனால் எடுத்த இடத்தில் புதிதாய் ஒரு குழி விழும், அங்கேயும் வலிக்கலாம். சிறிய பள்ளத்தைத் தாண்டினால் எடுக்க இடமும் இருக்காது.

செல் வளர்ப்பு முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்டார்கள். முதல் ஆபரேஷனில் துளி குருத்தெலும்பு எடுத்து, லேபில் சில வாரம் வளர்த்து, இரண்டாவது ஆபரேஷனில் வைப்பார்கள். இந்தியாவிலும் செய்கிறார்கள். அகலமான பள்ளத்துக்கு நல்லது, ஆனால் அடி எலும்பு நன்றாக இருக்க வேண்டும். லேப் செலவும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரையக்கூடும்.

பள்ளம் பெரியது, கூடவே எலும்பும் போய்விட்டது என்றால் இறந்தவரிடமிருந்து தானமாக வரும் திசுதான் என் பார்வையில் முன்னால் நிற்கிறது. பழுதான இடத்தை வட்டமாகக் கடைந்து ஆரோக்கியமான எலும்பு வரை போவார்கள். தானமாக வந்த எலும்பு முனையில், அதே வளைவுள்ள இடத்திலிருந்து, அதே விட்டத்தில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வில்லை வெட்டுவார்கள். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பேனாவால் ஒரு கோடு. மஜ்ஜை ரத்தம் போகும்வரை எலும்புப் பகுதியை உப்புநீர் பீய்ச்சிக் கழுவி, இறுக்கமாக அழுத்திப் பொருத்துவார்கள். கிட்னி மாற்று போல ரத்த வகை பார்ப்பதோ, ஆயுசுக்கும் மாத்திரை விழுங்குவதோ தேவையில்லை. முட்டியின் அளவும் பக்கமும் பொருந்தினால் போதும். வெளியான ஆய்வுகளில் 10 ஆண்டு கழித்தும் ஏறக்குறைய 80 சதவீதம் ஒட்டுகள் நிலைத்திருக்கின்றன. ஆனால் கணிசமானவர்களுக்கு இடையில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் சிக்கல் திசு கிடைப்பதில்தான். செல் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் உறைய வைக்கக் கூடாது. சுமார் 4 டிகிரியில் வைத்து, 28 நாளுக்குள் பொருத்திவிடுவது வழக்கம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் போன்ற சோதனைகள் முடியவே இரண்டு வாரம் ஓடிவிடும். உறைய வைத்த எலும்பு வேறு பல ஆபரேஷனுக்கு உதவும், இதற்கு உதவாது. அதனால் ‘டோனர் திசு இருக்கிறது’ என்று யார் சொன்னாலும், அது உறையாததா, எந்தத் திசு வங்கியிலிருந்து வருகிறது, எடுத்து எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். 2011-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் திருத்தப்பட்டு, உறுப்புகளைப் போலவே திசுக்களும் அதற்குள் வந்துவிட்டன. எனவே பதிவு பெற்ற இடமா என்று கேட்பது உங்கள் உரிமை.

அறுபது வயது அம்மாவின் முட்டி முழுக்கத் தேய்ந்திருந்தால் இந்த நான்கும் அவருக்கானவை அல்ல. அங்கே மூட்டு மாற்றுதான் பேச்சு. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். இளைஞருக்கே கால் வளைந்திருந்தால் அதை நிமிர்த்தாமல் எதை ஒட்டினாலும் சீக்கிரம் தேயும்.

கடைசியாக, வடசென்னைக்காரர்கள் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டிய ஒன்று. பளு தாங்கும் இடத்துப் பள்ளம் என்றால், எந்த வழியில் போனாலும் பல வாரங்கள் காலில் முழுப் பளு கொடுக்க விடமாட்டார்கள். ஆறு வாரம் என்பது சாதாரணம். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி, இரண்டு கையிலும் ஊன்றுகோல், குத்தவைத்து உட்கார்ந்து எழ வேண்டிய கக்கூஸ் என்றால், எவ்வளவு நல்ல ஒட்டும் பாழாகலாம். கீழ்த்தளத்தில் இருக்கும் சித்தப்பா வீடோ, மாமா வீடோ, ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே பேசி வையுங்கள். கக்கூஸுக்கு மேல் வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும், அதையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.