ரப்பரா, பாலியா, மோனோபாலா? பி.எம்.டபிள்யூ. இ46 எம்3-யின் பின்பக்கம்

போன வருடம் என் எம்3-யின் பின் டயரைக் கழற்றிப் பார்த்தேன். வெளியோரத்தில் பட்டன் 5 மில்லிமீட்டர் இருந்தது, உள்ளோரத்தில் கம்பி தெரிந்தது. இத்தனைக்கும் மூன்று மாதம் முன்பு எடுத்த அலைன்மென்ட் சீட்டில் எல்லா எண்ணும் பச்சை. மெஷின் மேல் நின்ற வண்டிக்கு அது சரிதான். பிரேக் பிடித்து வளைவில் இறங்குகிற வண்டிக்கு அந்த டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) நிற்கவில்லை. பின் சக்கரத்தை நீளவாக்கில் பாடியோடு இணைக்கிற ட்ரெயிலிங் ஆர்மின் முன்நுனியில் லிவர் போட்டு லேசாக நெம்பினேன். ஊஞ்சல் பலகை மாதிரி பக்கவாட்டில் போய் வந்தது.

அந்த நுனியில் இருக்கிற புஷ்ஷை (ஆர்மும் பாடியும் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்குகிற உருளை) மாற்றியே ஆகவேண்டும். எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு வேதம்.

முதலில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 80-களின் கடைசியில் இசட்1-ல் வந்து, பிறகு இ36-க்கும் இ46-க்கும் தொடர்ந்த அமைப்பு இது. ஒவ்வொரு பக்கமும் நீளவாக்கில் ஒரு ட்ரெயிலிங் ஆர்ம், குறுக்கே மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம். ட்ரெயிலிங் ஆர்மின் முன்நுனியில் ஒரே ஒரு புஷ். அதைப் பிடிக்கிற பிராக்கெட் பாடிக்கு அடியில் மூன்று போல்ட்டில் நிற்கிறது. டோ வைப்பது அந்த பிராக்கெட்டை நகர்த்தித்தான். சக்கரம் மேலேறும்போது ட்ரெயிலிங் ஆர்ம் தன் போல்ட்டைச் சுற்றி மட்டும் சுழன்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் குறுக்கு ஆர்ம்கள் வேறொரு வட்டத்தில் போகின்றன. அவை பின்நுனியை உள்ளே இழுக்கும், முறுக்கவும் செய்யும். ஆக, அந்த ஒரு புஷ் சுழலவும் வேண்டும், முறுகவும் வேண்டும், பக்கவாட்டில் மட்டும் நகரக் கூடாது. இனி வருகிற எல்லாவற்றையும் இந்த மூன்றை வைத்தே எடை போடுகிறேன்.

கம்பெனி ரப்பர் முதல் இரண்டையும் சத்தமில்லாமல் செய்யும். மூன்றாவதில் கொஞ்சம் வழுக்கும், வயதானால் நிறைய வழுக்கும். ஆனால் ரப்பர் மேல் விழுகிற பழியில் பாதி மாட்டியவர் மேல் விழவேண்டியது. உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ரப்பர் ஒட்டியே வருகிறது. ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. அதனால் வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் என்ன கோணமோ, அந்தக் கோணத்தில் வைத்துத்தான் போல்ட்டை முறுக்கவேண்டும். இதற்கென்றே ஒரு அளவுக் கருவி இருக்கிறது. லிஃப்டில் ஆர்ம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கிய நிமிடத்திலிருந்து அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழும், சீக்கிரம் கிழியும். என் வண்டி 25 மில்லிமீட்டர் இறக்கியது, ஆகவே கோணமும் புத்தகத்தில் உள்ளது அல்ல. பழையதைக் கழற்றும் முன்பே, வண்டி தரையில் நிற்கும்போது பெயின்ட் பேனாவால் ஆர்மிலும் பிராக்கெட்டிலும் ஒரே நேர்கோடாக இழுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை.

பக்கவாட்டு வழுக்கலுக்கு லிமிட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புகிற வட்டத் தகடு, அவ்வளவுதான். ரப்பர் சுழல்வதையும் முறுகுவதையும் பெரிதாகத் தடுக்காமல் பக்கவாட்டு ஓட்டத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். இந்தக் காருக்கு வாங்கக்கூடிய பொருட்களில் கொடுத்த காசுக்கு இவ்வளவு வேலை செய்வது வேறொன்றும் இல்லை என்பது என் கட்சி.

அடுத்தது பாலியூரித்தேன். "அண்ணா, பாலி போட்டா வண்டி இருக்கிறவரைக்கும் மாத்தவே வேண்டாம்" என்றான் பட்டறைத் தம்பி. ஓரளவு உண்மை. இரண்டு பாதியாக வரும், பிரஸ் இல்லாமலே உள்ளே போகும், உப்பும் எண்ணெயும் எளிதில் அரிக்காது. பக்கவாட்டில் கல்லு மாதிரி நிற்கும். கிரீஸ் இருக்கும்வரை சுழலவும் செய்யும். முறுகச் சொன்னால்தான் முரண்டு பிடிக்கும். ரோடு வகையே 80 ஷோர் ஏ (ரப்பர் போன்றவற்றின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினம், டிராக் வகை 95 வரை போகிறது. நல்ல சாலையில் இது தெரியாது. ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் போகும்போது புஷ் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காத கூடுதல் ஸ்பிரிங் போல வேலை செய்யும். வளைவின் நடுவே சின்ன மேடு வந்தால் பின்பக்கம் விருட்டென்று ஒரு எட்டு நகரும். இதைக் குறைக்கச் சில கம்பெனிகள் புஷ்ஷின் உருவத்தையே மாற்றித் தருகிறார்கள், அது கொஞ்சம் பரவாயில்லை. நண்பர் ஒருவர் சாதாரண வகையைப் போட்டார். இரண்டாவது மழைக்காலத்தில் கிரீஸ் போய், வேகத்தடை ஒவ்வொன்றிலும் எண்ணெய் காணாத மாட்டுவண்டி அச்சு போலக் கத்தியது.

பாலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற ஆன்டி ரோல் பார் புஷ்ஷுக்குச் சுழல்வது மட்டும்தான் வேலை. அங்கே கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

மோனோபால் இந்த இடத்துக்கு, கணக்குப்படி, சரியான விடை. உலோகக் கூட்டுக்குள் ஒரு பந்து. எந்தத் திசையிலும் முறுகும், பக்கவாட்டில் மயிரிழை நகராது. பிரேக்கை அழுத்தும்போது டோ வைத்த இடத்திலேயே இருப்பதை ஸ்டீயரிங்கில் அல்ல, முதுகில் உணரலாம். விலையும் அதற்கேற்ப உண்டு: பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலின் ஓசை சீட்டுக்குள் வந்து உட்காரும், ரப்பர் உறை கிழிந்தால் மணல் புகுந்து டக் டக் என்று தட்டும். குளிர்காலத்தில் உப்பு கொட்டுகிற ஊரில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது ஆகாது. டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகிறவர் மற்ற இரண்டையும் யோசிக்கவே வேண்டாம்.

எவ்வளவு கெட்டிப்படுத்துகிறோமோ அவ்வளவு அடி பாடித் தகட்டுக்குப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. இ46-இன் பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற சட்டம்) பிடிக்கிற நான்கு இடங்களிலும் தரைத் தகடு விரிசல் விடுவது ஊரறிந்த சங்கதி. அங்கே வலுத்தகடு வெல்டிங் செய்யாமல் சப்ஃபிரேமுக்கு அலுமினியப் புஷ் போடுவதை வீட்டுச் சுவர் வெடித்திருக்கும்போது மாடி கட்டுவதோடுதான் ஒப்பிடுவேன்.

இனி ஆர்ம்கள். வண்டியை இறக்கினால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்கிற கோணம்) தானாக ஏறும். கேம்பரை மாற்றுவதற்கென்று இருக்கிற கம்பெனி எக்சென்ட்ரிக் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் என்னுடையது இரண்டரை டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அதனால் நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம் தேவைப்பட்டது. இங்கே ஏமாறுவது சுலபம். இந்தக் காரில் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பர் மேல் இல்லை, கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக அந்த ஆர்ம் வெறுமனே இழுபடுவதில்லை, வளையவும் பார்க்கிறது. மெல்லிய குழாயில் தகட்டை ஒட்டவைத்த மலிவு ஆர்மை அங்கே மாட்டுவது விஷப்பரீட்சை. இரு முனையிலும் பந்து ஜாயின்ட் இருந்தால் ஸ்பிரிங் தள்ளுகிற தள்ளில் ஆர்ம் தன் அச்சிலேயே உருளவும் பார்க்கும். எம்3-யில் வெளிநுனிக்கு ட்ரெயிலிங் ஆர்மிலேயே பால் ஜாயின்ட் இருப்பதால், உள்நுனியில் புஷ் உள்ள கெட்டியான ஆர்மே போதும். அந்த பால் ஜாயின்ட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆடினால் கம்பெனிப் பொருளையே போட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கை ஷாக்கின் மேலேயே ஏற்றிவிட்டால் கீழ் ஆர்மின் பாரம் குறையும். ஆனால் முழு எடையும் ஷாக்கின் மேல்பிடி இருக்கிற மெல்லிய தகட்டுக்குப் போகும். அங்கேயும் வலுத்தகடு, அங்கேயும் செலவு. எனக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

என் வண்டியில் இப்போது இருப்பது புது ரப்பர் புஷ், லிமிட்டர், உள்ளே புஷ் வைத்த கீழ் ஆர்ம். கேம்பர் இரண்டு டிகிரிக்கு வந்தது. கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும் என்பதால் அலைன்மென்ட் மறுபடி செய்தேன். ஆர்மின் லாக் நட்டில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இரண்டாம் முறை பார்த்தபோது வலது பக்கக் கோடு அரை நட்டு விலகியிருந்தது. அன்றைக்கு முதல் செஷனை விட்டுவிட்டு ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தேன்.