கட்டியை மட்டும் கேட்ட ஆய்வகம்

முதலில் பாராட்டு. 31 ஆண்டுகள் பயாப்சி ஆய்வகத்தில் மெழுகு பிளாக், அதாவது திசுத்துண்டை மெழுகில் பதித்த கட்டை, வெட்டியவள் நான். மரபணுச் சோதனைக்கு அனுப்பிய என் அண்ணனின் பிளாக் திரும்பி வந்ததும் ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் அதைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெட்டிய முகத்தில் ஒரு கீறல் இல்லை. திசு காய்ந்துவிடாதபடி மேலே மெல்லிசாக மெழுகு பூசியிருந்தார்கள். இதை எங்கள் ஆய்வகத்திலேயே எல்லாரும் செய்ததில்லை.

ஈரல் சுருக்கம் உள்ள என் அண்ணனுக்குத் தை மாதம் புற்றுக்கட்டியை வெட்டியெடுத்தார்கள். மறுபடி வருமா என்பதுதான் வீட்டில் எல்லாருடைய கேள்வியும். ரூ.42,000 செலுத்தி, திசுவில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் மரபணு வெளிப்பாட்டுச் சோதனைக்குக் கொடுத்தோம்.

ரிப்போர்ட் 14 பக்கம். பக்கம் பக்கமாகச் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள். கடைசியில் 'மிதமான ஆபத்து' என்று ஒரே வரி. எப்போது, எங்கிருந்து என்று இல்லை. ஈரல் புற்று முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால், அது பெரும்பாலும் அறுவைக்கு முன்பே ரத்தக்குழாய் வழியாகச் சிதறிய செல்களின் வேலை. அதற்குப் பின் வருவது பல நேரம் புதுக் கட்டி. மிச்சமிருக்கும் நொந்த ஈரலிலேயே முளைப்பது.

2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் யூஜின் ஹோஷிடா குழுவினர் எழுதிய ஆய்வை நான் மறக்கவில்லை. 24 ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் கிடந்த பிளாக்குகளில்கூட மரபணு வெளிப்பாட்டைப் படித்திருந்தார்கள். என் தொழிலுக்கு அதைவிட வேறென்ன பெருமை வேண்டும்? அதில், நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதற்குத் துப்புக் கொடுத்தது கட்டி அல்ல. அதைச் சுற்றியிருந்த ஈரலின் 186 மரபணுக்கள்.

இவர்களோ கட்டியுள்ள பிளாக்கை மட்டும் கேட்டு வாங்கினார்கள். பக்கத்து ஈரலின் பிளாக்கையும் அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன். "அதற்கு எங்களிடம் சோதனை இல்லை, அம்மா" என்றார் ஆலோசகர் பெண். மழுப்பவில்லை, அதற்காக அரை நட்சத்திரம் கூட்டி, இரண்டரை தருகிறேன்.

அறுவை மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஃபைலில் செருகினார். எழுதிக் கொடுத்தது பழைய சீட்டில் இருந்ததைத்தான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி. (ஈரல் புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடிய புரதம்) ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். ஹெப்படைட்டிஸ் பி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. அந்தப் பணத்தில் எத்தனை ஸ்கேன் எடுத்திருக்கலாம் என்று அண்ணி வெளியே வந்ததும் விரல் மடக்கினார்.

அனுப்பித்தான் ஆகவேண்டும் என்பவர்கள், எந்தத் திசுவைச் சோதிப்பார்கள் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். சித்திரை வெயிலில் கூரியரில் போடுவதானால் ஐஸ் பேக் வையுங்கள், மெழுகு இளகிவிடும்.