முதல் கவிதைப் புத்தகம் போடப் போகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அவர்களே செய்தி அனுப்பிவிட்டார்கள். எழுதியவரிடமே காசு வாங்கிப் புத்தகம் போட்டு, விளம்பரமும் செய்து தருவதாகச் சொல்லும் இணைய நிறுவனம். அடையாளத்துக்கு இது போதும். இந்த மாதிரி நிறைய பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

நான் விவசாயி. ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சக் காத்துக் கிடக்கும்போது போனில் தட்டி வைத்த கவிதைகள்தான் எல்லாம். 62 சேர்ந்திருந்தன. கிணறு, வரப்பு, கடனுக்கு விற்ற மாடு, வெளியூர் போய்விட்ட பிள்ளைகள் என்று எங்கள் வாழ்க்கைதான். "இலவச மதிப்பீடு" என்று ஒரு விளம்பரம் வந்தது. ஐந்து கவிதைகள் அனுப்பினேன்.

மறுநாளே ஒரு பெண் கூப்பிட்டார். "ஐயா, உங்க கிணத்துக் கவிதையைப் படிச்சுட்டு ரெண்டு நிமிஷம் பேச முடியல. எங்க டீம்ல சத்தமா வாசிச்சோம்" என்றார். அதோடு விடவில்லை. கடைசி நான்கு வரியைப் போனிலேயே வாசித்தும் காட்டினார். நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தினார். என் வரியை இன்னொருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் மனைவியையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அந்த அழைப்பு முடிவதற்குள் பணம் அவர்கள் பக்கம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

(பிறகு இதே நிறுவனத்தில் மாட்டிய இன்னொருவரிடம் பேசினேன். அவருக்கும் "ரெண்டு நிமிஷம் பேச முடியல"தான். அவருடையது பாட்டியைப் பற்றிய கவிதை.)

முதலில் 20,000, அச்சுக்குப் போகும்போது 15,000. அப்புறம் "காப்பிரைட் பதிவு செய்யலைன்னா யாராவது திருடிடுவாங்க ஐயா" என்று இன்னொரு 3,500. மொத்தம் 38,500 ரூபாய். மோட்டாருக்கும் உரத்துக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. இதற்கு 96 பக்கப் புத்தகம், 200 பிரதி, ஐ.எஸ்.பி.என். எண் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் 13 இலக்க அடையாள எண்), விமர்சனங்கள், இணையத்தில் வெளியீட்டு விழா எல்லாம் உண்டு என்றார்கள்.

வந்தது 25 பிரதி. பக்கம் 64. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். ஆறு பாரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு நாலு பாரத்தில் முடித்திருக்கிறார்கள். எப்படி முடித்தார்கள் தெரியுமா? வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு சொல் தனியாக நிற்க வேண்டிய இடத்தில் அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் ஒட்டிக்கொண்டு, கவிதை முழுக்கப் பத்தியாகக் கிடக்கிறது. நான் யூனிகோடில் (போனில் எல்லோரும் தட்டும் எழுத்துமுறையில்) அனுப்பியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகு யாரும் ஒரு பக்கம்கூடப் படித்துப் பார்க்கவில்லை. வரப்போரம் என்பது "வரப்பேரம்" ஆகிவிட்டது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் காலும் வந்த இடமெல்லாம் இதே கதி. அச்சுக்கு முன் பிழை பார்க்கும் புரூஃப் தாளைக் கேட்டதற்கு "எங்க எடிட்டர் ரெண்டு தடவை பார்த்தாச்சு" என்று சொன்னவர்கள் இவர்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணின் கதை இன்னும் கேவலம். நண்பர் ஒருவர் இரண்டு பிரதியைப் புத்தகக்கடைக்குக் கொண்டுபோனார். பார்கோடு ஸ்கேன் ஆகவே இல்லை. என் மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 13 இலக்கத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் வருவது பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். எங்களுக்கு 114 வந்தது. அதாவது, பின்னட்டையில் இருப்பது எண்ணே இல்லை, ஏதோ 13 இலக்கம். கேட்டேன். "சின்ன அச்சுப்பிழை, அடுத்த பதிப்பில் திருத்திக்கலாம்" என்று கும்பிடு போட்ட படத்தோடு பதில் வந்தது.

மீதி 175 பிரதிக்கு முதலில் பேப்பர் வரவில்லை என்றார்கள். அப்புறம் லாரி. அப்புறம் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாராம், புதியவருக்கு என் கோப்பு கிடைக்கவில்லையாம். புதியவர் என்னிடமே "நீங்க நாவலா கதையா சார்?" என்று கேட்டார். இன்னொருவர், "இலக்கியம் அவசரப்படக் கூடாதுங்க ஐயா" என்று எனக்குப் பாடம் எடுத்தார். பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றிலிருந்து புகார் எண் மட்டும் வருகிறது. புகாருக்குப் பதில் வருவதில்லை.

விளம்பரம் என்றார்களே, அது என் போட்டோவுக்குக் கீழே "உதயமாகும் கவிஞர்" என்று போட்ட ஒரு போஸ்டர். அதே போஸ்டரில் வேறு முகங்களையும் பார்த்துவிட்டேன். விமர்சனங்கள் மூன்று வந்தன. ஒன்றில் "கதாநாயகி மனதில் நிற்கிறாள்" என்று இருக்கிறது. கவிதைத் தொகுப்பில் எந்தக் கதாநாயகி? விற்பனைக் கணக்கில் 4 பிரதி காட்டுகிறார்கள். என் சொந்தக்காரர்களும் நண்பர்களும் மட்டுமே 11 பேர் வாங்கி, ரசீதை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

38,500 ரூபாய். திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், எழுதாமல் ஆறவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது:

பதிப்புரிமை, எழுதியவுடனேயே எழுதியவருக்கு வந்துவிடும். 1886-ல் பதிப்புரிமைக்காக நாடுகள் போட்ட பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்தால்தான் உரிமை என்பது கிடையாது. பயமுறுத்திப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐ.எஸ்.பி.என். பல நாடுகளில் இலவசம். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வாங்கிய எண்ணை அந்தப் பெருக்கல் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

விதை வாங்கினால் முளைப்பு பார்ப்போமே, அப்படி ஒரே ஒரு பிரதியை முதலில் அச்சடித்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது ஒற்றைப் பிரதியும் அச்சடிக்க முடியும். முடியாது என்பவரிடம் முழுப்பணம் தராதீர்கள்.

ஒப்பந்தத்தில் "பிரத்யேக உரிமை" என்று எத்தனை வருடம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு ஐந்து. அதைக் காட்டித்தான் இப்போது வேறு இடத்தில் போடக் கூடாது என்று மிரட்டுகிறார்கள்.

போனில் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் புகாருக்கு நான் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் ரசீதோடு தொடர்பு கொள்ளுங்கள், சேர்ந்தே போடலாம். களத்துக்கு ஆள் வந்துவிட்டது, மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.